சத்தம் ஏத்துனா ஆஃப் ஆகுது: வீட்ல செஞ்ச பேட்டரி ஸ்பீக்கர், அவசரம்

மத்தூர்ப் பையன்:
வணக்கம். வீட்லயே சின்ன ஸ்பீக்கர் ஒண்ணு பண்ணிருக்கேன். மெதுவா வச்சா நல்லா பாடுது. பாதிக்கு மேல ஏத்துனா டப்புன்னு நின்னு, புளூடூத் ஆன் ஆகுற குரல் மறுபடி முதல்ல இருந்து வருது. ஞாயித்துக்கிழமைக்குள்ள தாத்தாவுக்குத் தரணும், மாந்தோப்பு காவலுக்கு எடுத்துட்டுப் போக. என்ன பண்ணலாம்?

பாலக்கோடு ரேடியோ:
சத்தத்தைப் பெருக்குற ஆம்ப் போர்டு என்ன? எத்தனை செல்? ஸ்பீக்கர் எத்தனை ஓம்? ஒண்ணுமே சொல்லலியே தம்பி.

அரூர் 12 வோல்ட்:
ஆம்ப் போர்டுக்கு கரண்ட் வர்ற இடத்துல கரண்டைக் கொஞ்சம் தேக்கி வைக்கற 1000 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் போடு. அவ்ளோதான்.

மத்தூர்ப் பையன்:
ஆம்ப் பிஏஎம் 8403, 4 ஓம் ஸ்பீக்கர் ரெண்டு. செல் ஒண்ணு, பழைய லேப்டாப் பேட்டரில இருந்து எடுத்தது. டிபி 4056 சார்ஜர் போர்டு, அதுல இருந்து செல் வோல்ட்டை 5 வோல்ட்டா ஏத்துற பூஸ்ட் போர்டு. கபாசிட்டர் போட்டேன் அண்ணா. முன்னைக்குக் கொஞ்சம் தாங்குது, ஆனா நிக்குது.

சர்க்யூட் வாத்தியார்:
இதை முதல்லயே எழுதியிருக்கணும். கணக்குப் போடாம சால்டரிங் அயர்னைத் தொடவே கூடாது, எத்தனை தடவை சொல்றது? ஒரு ஸ்பீக்கருக்கு 3 வாட்னா ரெண்டுக்கும் 6 வாட். ஆம்ப்லயும் பூஸ்ட்லயும் போற நஷ்டத்தைச் சேத்தா 8 வாட் கிட்ட. 3.7 வோல்ட் செல்லுல இருந்து 2 ஆம்பியருக்கு மேல இழுக்குது. ஓஞ்சு போன லேப்டாப் செல் எப்படித் தாங்கும்?

போச்சம்பள்ளிக்காரன்:
ரெண்டு ஸ்பீக்கர் மைனஸையும் ஒண்ணா முறுக்கிட்டியா? இந்த ஆம்ப்ல அப்படிச் சேக்கவே கூடாது. எதுக்குள்ள வச்சிருக்க?

மத்தூர்ப் பையன்:
தனித்தனியாத்தான் இருக்கு. மாங்கூழ் டின்னு, 3.1 கிலோ சைஸ்.

அரூர் 12 வோல்ட்:
டின்னா! தகரம் அதிரும்பா. பாட்டு கேக்காது, தகரம்தான் கேக்கும். பழப்பெட்டிப் பலகையில செய்.

போச்சம்பள்ளிக்காரன்:
உள்பக்கம் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுனா எந்த டின்னும் அதிராது. நான் ஒட்டியிருக்கேன். ஆனா புளூடூத் போர்டு உள்ள இருந்தா தகரம் சிக்னலை மறைக்கும், அதை வெளிய கொண்டு வரணும்.

அரூர் 12 வோல்ட்:
டியூப் ஒட்டுற நேரத்துல பலகையே அடிச்சிடலாம். டின் உருளைக்குள்ள குரல் கிணத்துல பேசுற மாதிரி வரும்.

போச்சம்பள்ளிக்காரன்:
உள்ள பஞ்சு வைங்க, வராது. கூழ் ஃபேக்டரி இருக்கற ஊர்ல டின்னு கிடைக்கற மாதிரி பலகை கிடைக்குமா?

பாலக்கோடு ரேடியோ:
பெட்டிச் சண்டை அப்புறம். தம்பி, பாட்டு போட்டா மீட்டர் முள் நிலைக்காது. ஒரே சீரா வர்ற 100 ஹெர்ட்ஸ் டோன் போடு, நிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் ஏத்து. முதல்ல செல் மேலயே வோல்ட் பாரு. அப்புறம் பூஸ்ட் உள்ள வாங்குற முனையில. எங்க விழுதோ அங்கதான் கோளாறு.

மத்தூர்ப் பையன்:
சும்மா இருக்கறப்ப செல் 3.9. டோன் போட்டா செல் மேல 3.4, பூஸ்ட் முனையில 2.8.

பாலக்கோடு ரேடியோ:
செல் அரை வோல்ட் விழுது, ஓஞ்சதுதான். வழியில இன்னொரு 0.6 எங்க போச்சு? ஒயர் எது?

மத்தூர்ப் பையன்:
பழைய ஹெட்செட் ஒயர்.

சர்க்யூட் வாத்தியார்:
தலைமுடி கனம்கூட இருக்காது. 2 ஆம்பியர் போனா கால் ஓம் தடையே அரை வோல்ட்டைத் தின்னுடும்.

பாலக்கோடு ரேடியோ:
கனமான ஒயர் போடு, முடிஞ்சவரை குட்டையா. அந்த ஒரு செல்லுக்குப் பதிலா ரெண்டு செல், புதுசா, ஒரே மாதிரி வாங்கு. தனித்தனியா ஃபுல் சார்ஜ் பண்ணி, ரெண்டும் ஒரே வோல்ட் காட்டுதான்னு பாத்துட்டு அப்புறம் பேரலல்ல, அதாவது பிளஸ்ஸோட பிளஸ், மைனஸோட மைனஸ் சேர். இல்லன்னா ஒரு செல் இன்னொண்ணுக்குள்ள கரண்டைக் கொட்டும். செல் மேல நேரா சால்டர் வைக்காத, ஹோல்டர் வாங்கிக்கோ.

மத்தூர்ப் பையன்:
ஒயரும் செல்லும் மாத்திட்டேன். ஃபுல் சத்தத்துலயும் நிக்கல. தாத்தாகிட்டக் குடுத்தாச்சு. நன்றி அண்ணா.

அரூர் 12 வோல்ட்:
பலகையா, டின்னா?

பாலக்கோடு ரேடியோ:
தாத்தாகிட்ட ஒண்ணு சொல்லிடு தம்பி. டின்னை வெயில்ல வைக்க வேணாம், மரத்தடியில தொங்கவிடட்டும். 45 டிகிரிக்கு மேல சூடு இருக்கறப்ப சார்ஜ் போடவே கூடாது. வீட்டுக்கு வந்து ஆறுனப்புறம் போடச் சொல்லு.