வாசலில் நின்றவருக்கு நான் சொன்ன வர்ணனை

2004-இல் பாஸ்டனை அடுத்த சாமர்வில்லில், ஒரு மரவீட்டின் மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரர், எழுபதைத் தாண்டியவர். வாடகை கொடுக்கப் போனால் பேஸ்பால் பேசாமல் அனுப்பமாட்டார். 1946, 1967, 1975, 1986 என்று நான்கு ஆண்டுகளை, நம்மூரில் புயல் அடித்த வருடங்களைச் சொல்வதுபோலச் சொல்வார். நான்கிலும் பாஸ்டனின் ரெட் சாக்ஸ் அணி, கோப்பைக்கான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றது. அதுவரை கடைசியாகக் கோப்பை வென்றது 1918-இல். நட்சத்திர ஆட்டக்காரர் பேப் ரூத்தை நியூயார்க் அணியான யாங்கீஸுக்கு விற்ற பாவம் தொடர்கிறது என்பது அப்போதைய ஊர்ப்பேச்சு.

அந்த அக்டோபரில், உலகத் தொடருக்கு முந்தைய படியான அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் எதிரே வந்ததும் அதே யாங்கீஸ். நான்கு ஆட்டம் வெல்ல வேண்டும். முதல் மூன்றும் அவர்களுக்கே. மூன்றாவது 19-8. அதைத் தோல்வி என்று சொல்வதே மரியாதை. மூன்று தோற்ற பிறகு தொடரை வென்ற அணி மேஜர் லீகில் அதுவரை இல்லை.

17-ஆம் தேதி, ஞாயிறு இரவு, நான்காவது ஆட்டம். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 4-3 முன்னிலை, பந்து அவர்களுக்கு ஆட்டத்தை முடித்துக்கொடுக்கும் வீச்சாளர் மரியானோ ரிவேராவின் கையில். பெரியவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். "என்னால் பார்க்க முடியாது. நடப்பதை நீ சொல்" என்றார். பேஸ்பால் தெரியாதவனிடம்!

ரெட் சாக்ஸின் கெவின் மிலார், விலகி வந்த நான்கு பந்துகளை அடிக்காமல் விட்டு முதல் பேஸுக்கு நடந்தார். அவருக்குப் பதிலாக ஓட டேவ் ராபர்ட்ஸ் வந்தார். ரிவேரா பேட்டருக்கு வீசாமல் முதல் பேஸுக்கே எறிந்தார். மறுபடியும் எறிந்தார். மூன்றாவது முறையும். "பந்து வீசவே மறந்துவிட்டார் போலிருக்கிறது" என்று கத்தினேன். வாசலில் சத்தமில்லை. ராபர்ட்ஸ் பேஸை விட்டுத் தள்ளித் தள்ளி நிற்பதைப் பிறகுதான் கவனித்தேன். கிரிக்கெட்டில் பந்து வீசும் முன்பே கிரீஸை விட்டு நகர்ந்தால் முகம் சுளிப்பார்கள். இங்கே அது ஒரு கலை.

பேட்டருக்கு வீசிய முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸுக்குப் பாய்ந்தார். பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் போசாடா எறிந்த பந்து இரண்டாவது பேஸில் ஜீட்டரிடம் வந்தது. ஜீட்டரின் கையுறை அவர்மேல் இறங்குவதற்குள் ராபர்ட்ஸின் கை பேஸைத் தொட்டிருந்தது.

"ஓடிவிட்டார்!"

"பிடித்துவிட்டார்களா?"

"இல்லை!"

என் வர்ணனை அவ்வளவுதான். அடுத்து பில் மில்லர் நடுவாக அடித்த பந்தில் ராபர்ட்ஸ் பேஸ்களைச் சுற்றி வீடு சேர்ந்து ரன் எடுக்க, 4-4. (நடந்தவர் மிலார், அடித்தவர் மில்லர். பெரியவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டியது.) சமநிலையால் ஆட்டம் நீண்டது. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ரெட் சாக்ஸின் டேவிட் ஓர்ட்டீஸின் ஹோம் ரன், வெற்றி. அப்போது மணி இரவு 1:22.

*

நியூ ஜெர்சியிலிருந்து, யாங்கீஸ் ரசிகன்:

எங்களைக் கொன்றது ராபர்ட்ஸ் அல்ல. மறுநாள் ஐந்தாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-4, முதல் பேஸில் எங்கள் ரூபன் சியரா. டோனி கிளார்க் அடித்த பந்து வலப்பக்க மூலையில் விழுந்து, துள்ளி, தடுப்பைத் தாண்டி ரசிகர்களிடம் போய்விட்டது. நம் கிரிக்கெட் பழக்கத்தில் நான் துள்ளிக் குதித்தேன். எல்லைக்கு வெளியே போனால் லாபம்தானே? விதி வேறு: எல்லோருக்கும் இரண்டு பேஸ் மட்டுமே. சியரா மூன்றாவது பேஸில் நிற்க வேண்டியதாயிற்று. பந்து உள்ளேயே கிடந்திருந்தால் அவர் வீடு சேர்ந்திருப்பார் என்று இன்றும் சொல்வேன். பதினான்காவது இன்னிங்ஸில் மறுபடியும் ஓர்ட்டீஸ். 5-4 என்று தோற்றோம். ஏழாவது ஆட்டத்திலும் 10-3 என்று தோற்றோம். அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

*

அப்போது மருத்துவ மாணவியாக இருந்த ஒருத்தி:

ஆறாவது ஆட்டத்தை விட்டுவிட்டீர்களே. ரெட் சாக்ஸ் பந்து வீச்சாளர் கர்ட் ஷில்லிங்கின் கணுக்காலில் தசைநாண் இடம் விலகிக்கொண்டிருந்தது. தோலை உள்ளே சேர்த்துத் தைத்து அதை நிறுத்தினார்கள். முன்னதாக ஒரு சடலத்தின் காலில் செய்து பார்த்த பிறகுதான். அந்தக் காலோடு ஏழு இன்னிங்ஸ் வீசினார். காலுறையில் ரத்தம் தெரிந்தபோது கூட இருந்தவர்கள் வீரம் என்று கைதட்டினார்கள். நான் தையல் பிரியுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரெட் சாக்ஸ் 4-2 என்று வென்றது என்பதே மறுநாள்தான் என் மனதில் பதிந்தது.

*

மீண்டும் நான்:

பெரியவரின் கதை முடியவில்லை. உலகத் தொடரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை ரெட் சாக்ஸ் நான்கு ஆட்டங்களிலேயே முடித்தது. அக்டோபர் 27, கடைசி இன்னிங்ஸ், 3-0. பெரியவர் மறுபடியும் எழுந்தார். அன்று முழுச் சந்திர கிரகணம். என் பாட்டி இருந்திருந்தால் அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியிருப்பார்.

"நிலாவைப் பார்க்கப் போகிறேன்" என்றார். "நீ சொல்லிக்கொண்டே இரு."