மொசாம்பிக்: எச்.ஐ.வி. மருந்துக்குப் போய்வர ஆளுக்கு ஆள் பயணக் காசு, வேறு வழி உண்டா?

நிலா: ஐந்து தன்னார்வலர்கள் நடத்தும் சிறு அறக்கட்டளை. மருந்து வாங்க மாதாமாதம் மருத்துவமனை போகிறவர்களுக்குப் பயணக் காசு தருகிறோம். கட்டுப்படியாகவில்லை. என்ன செய்யலாம்?

செல்வம்: டெட்டே மாகாணத்தில் 2008-இல் தொடங்கிய குழு முறையைப் பாருங்கள். உடல்நிலை சீரான, அதிகபட்சம் 6 பேர். முறைவைத்து ஒருவர் போய் எல்லோருக்கும் மருந்து வாங்கிவருவார். தன் பரிசோதனையையும் அன்றே முடித்துக்கொள்வார். ஆறு பயணம் ஒன்றாகிவிடும்.

கயல்: குழுவை அவர்களே அமைக்கட்டும். நீங்கள் பிரித்தால் ரகசியம் கசியும் என்ற பயத்திலேயே உடையும். அறக்கட்டளையின் பெயர்ப்பலகை போட்ட வண்டியை அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்துவதும் அதே தப்புதான்!

செல்வம்: இரும்பு, கால்சியம் மாத்திரையும் கொடுக்கிறீர்களா? வெறும் வயிற்றில் அவற்றோடு சேர்த்தால் டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து உடலில் சரியாகச் சேராது. அந்த மருந்தை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போடவேண்டும். சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போடலாம்.