எவ்வளவு பிசகலாம்? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

கணபதி லேத்காரன்:

கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். என்னோடு சேர்த்து மூன்று பேர். பம்ப் செய்கிறவர்களுக்குக் காஸ்டிங் கடைந்து கொடுக்கிற வேலை. ஊரில் என்னை 'நறுவிசான ஆள்' என்பார்கள். அந்தப் பெயருக்காகவே பல வருடம் நஷ்டப்பட்டேன் என்பதை இப்போதுதான் வெளியே சொல்கிறேன்.

ஒரு தடவை 60 பேரிங் ஹவுசிங், அதாவது பேரிங் உட்காரும் கூடு, வந்தது. 6204 பேரிங் உட்காரும் துளை, 47 மில்லிமீட்டர். டிராயிங்கில் அதற்கு மேலே 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை போகலாம், கீழே ஒரு மைக்ரானும் இறங்கக் கூடாது என்று இருந்தது. சரியான கண்டிப்பு. துளை சிறுத்தால் பேரிங் ஏறாது, பெருத்தால் உள்ளே சுற்றும். அதில் எனக்குக் குறையே வரவில்லை. வெளி விட்டம் 110. அதற்கு மேலும் கீழும் 0.3 மில்லிமீட்டர், அதாவது 300 மைக்ரான், விட்டுக்கொடுத்திருந்தார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. துளைக்கு என்ன மரியாதையோ அதே மரியாதையை வெளிப்பக்கத்துக்கும் கொடுத்தேன். டூல் மாற்றி இன்னொரு கட், பிறகு எமரித் தாள், பிறகு எண்ணெய் போட்டு மறுபடி எமரித் தாள். ஒரு உருப்படிக்கு 11 நிமிடம் கூடுதல். 60 உருப்படிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 11 மணி நேரம். கூடவே வேலை செய்யும் பெரியவர், "தம்பி, போதுங்க" என்று இரண்டு முறை சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அவருக்குத் தொழிலில் பற்று இல்லை என்று மனதுக்குள் திட்டினேன்.

சரக்கு நான்கு நாள் தாமதம். எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த இன்ஜினியர் ஒன்றைக் கையில் எடுத்தார். வெளிப்பக்கத்தில் டியூப்லைட் நெளிந்து தெரிந்தது. பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன். "இதற்கு மேலே பெயிண்ட் அடிக்கப்போகிறோம். இது வழவழவென்று இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. மறுபடி சொரசொரப்பாக்க வேண்டும்" என்றார். அடுத்த ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அந்த டிராயிங்கை மறுபடி விரித்துப் பார்த்தேன். எங்கே கண்டிப்பாக இருக்க வேண்டும், எங்கே விடலாம் என்று ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் எழுதியே கொடுத்திருந்தார்கள். நான்தான் எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது ஆர்டர் வந்தவுடன் பெரியவரும் நானும் டிராயிங்கில் கண்டிப்பான அளவுகளை மட்டும் சிவப்பில் வட்டம் போட்டுவிட்டுத்தான் மெஷினைத் தொடுகிறோம். பட்டறையில் இது பழகிவிட்டது. வீட்டில் டிராயிங் கிடையாதே, அதுதான் சிக்கல். உங்கள் பக்கம் எப்படி?

பனியன் ஊர்க்காரி:

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நான் திருப்பூரில் ஏற்றுமதித் துணியைப் பரிசோதிக்கிற வேலை பார்க்கிறேன். எங்களிடமும் எழுதியே இருக்கிறது. ஒரு ஷிப்மென்ட்டில் 2,400 டி-ஷர்ட் என்றால் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. வழக்கமான நிலையில் 125 எடுப்போம். ஏ.க்யூ.எல்., அதாவது எவ்வளவு குறையை ஏற்கலாம் என்கிற அளவு, 2.5 என்று பேசியிருந்தால், அந்த 125-இல் 7 குறை வரை பாஸ், 8 ஆனால் மொத்தமும் ஃபெயில். தையல் விட்டது, எண்ணெய்க் கறை, அளவு மாறியது, இந்த மாதிரிக் குறைகள். ஏற்றுமதித் துணி பெரும்பாலும் இந்த மாதிரிக் கணக்கில்தான் போகிறது. பத்து வருடமாக நானே "ஏழுதான் சார், பாஸ்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வீட்டில் நான் ஒன்றுக்கும் பாஸ் போட்டதில்லை. மகள் நான்காம் வகுப்பு. எழுத்து கோட்டுக்கு வெளியே ஒரு கொம்பு நீட்டினால் போதும், அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்வேன். கத்தமாட்டேன், அடிக்கமாட்டேன், அமைதியாகத்தான் கிழிப்பேன். அமைதியாகச் செய்வதால் தப்பில்லை என்று நினைத்திருந்தேன். தையல் போட்ட நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் நடுத்தையலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜோடித் தாளும் லூசாகிவிடும். அதைப் பசை போட்டு ஒட்டுவேன். அதையும் ஒழுங்கு என்றே நினைத்தேன்.

பள்ளியில் கூப்பிட்டார்கள். 48 தாள் இருக்க வேண்டிய நோட்டில் 30 தான் இருக்கிறது, பிள்ளை கிழித்துக் கப்பல் விடுகிறாளா என்று டீச்சர் கேட்டார். மகள் என் முகத்தைப் பார்த்தாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. 18 தாள். எண்ணுவதுதான் என் தொழில், ஆனால் இதை நான் எண்ணவில்லை.

கிழிப்பதை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. ஆனால் இப்போது அவளே ரப்பரால் தேய்க்கிறாள். ராத்திரி ஒன்பதரைக்கு மேல், நாக்கைக் கடித்துக்கொண்டு, 'ழ' சுழி சரியாக வரவில்லை என்று தேய்த்துத் தேய்த்துத் தாளில் ஓட்டை விழுந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாக அடுத்த பக்கத்துக் கணக்கு தெரிந்தது. சனிக்கிழமை தவிர மற்ற நாளில் அவள் நோட்டைத் திறப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை பார்க்கும்போது கை குறுகுறுக்கத்தான் செய்கிறது. தேறிவிட்டேன் என்று எழுத மனம் வரவில்லை.

ஈரோட்டு நர்ஸ்:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் நான் மறுபக்கம் சொல்கிறேன். நான் குழந்தைகள் வார்டில் இருக்கிறேன். எங்களுக்கு மருந்து மில்லிகிராம் கணக்கு, அதுவும் குழந்தையின் எடையைப் பொறுத்தது. புள்ளி ஒரு இடம் தள்ளிப்போனால் பத்து மடங்கு. ஆபத்தான மருந்து என்றால் இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒத்துப்போன பிறகுதான் ஊசியில் ஏற்றுவோம். அங்கே நின்றுகொண்டு யாராவது "பரவாயில்லை, விடுங்க" என்றால் எனக்கு ரத்தம் கொதிக்கும். நம் ஊரில் கச்சிதப் பித்து பிடித்தவர்களைவிடப் 'பரவாயில்லை' கோஷ்டிதான் அதிகம்.

மற்றபடி என் வீட்டு அலமாரியைத் திறந்தால் துணி தலைமேல் விழும். அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கணபதி லேத்காரன்:

நர்ஸம்மா சொல்வது சரி. நான் துளையைப் பற்றிப் பேசவில்லை, வெளிப்பக்கத்தைப் பற்றித்தான் பேசினேன். துளையில் நான் இன்னும் கிறுக்கன்தான். கடைந்த சூட்டோடு அளக்கவே மாட்டேன். 47 மில்லிமீட்டர் வார்ப்பிரும்பு இருபது டிகிரி சூடேறினாலே பத்து மைக்ரான் பெரிதாகக் காட்டும். ஆறவிட்டு, டீ குடித்துவிட்டு வந்துதான் துளையை அளக்கிற போர் கேஜைக் கையில் எடுப்பேன். உங்கள் அலமாரிக்கு என் வணக்கம்.

கீழ்பவானிப் பாசனக்காரன்:

சுருக்கமாகச் சொல்கிறேன். கீழ்பவானி வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் தண்ணீர் விடுவார்கள். ஒரு வருடம் வயல் கண்ணாடி மாதிரி சமமாக இருக்க வேண்டும் என்று பரம்படித்துக்கொண்டே இருந்தேன். ஒரு மூலையில் தண்ணீர் இரண்டு விரல் அதிகம் நின்றது, அது பொறுக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கோணல் வரப்போடு நட்டுவிட்டுப் போனார்கள். 25 நாளில் பறிக்க வேண்டிய நாற்றை நான் 38-ஆம் நாள் பறித்தேன். முற்றிப்போன நாற்று தூர் கட்டவில்லை. வயல் மட்டும் மிக அழகாகச் சமமாக இருந்தது.

கோபி தமிழாசிரியர்:

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிந்து ஆறு வருடம். முதல் இயலை எத்தனை முறை திருத்தினேன் என்று கணக்கில்லை. கோப்பின் பெயர் 'இயல்1இறுதி', பிறகு 'இறுதிஇறுதி', பிறகு 'இறுதிஉண்மையில்'. இரண்டாம் இயல் பிறக்கவே இல்லை. தூக்கம் கெட்டு, ரத்த அழுத்தம் ஏறி, டாக்டர் ஒருவர் கோவையில் ஓர் உளவியலாளரைப் பார்க்கச் சொன்னார். எனக்கு மகா அவமானம். சித்தோடு தாண்டும்வரை முகக்கவசத்தைக் கழற்றவில்லை. கோபியிலிருந்து கோவைக்கு எதற்குச் சித்தோடு வழி என்று கேட்காதீர்கள், தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்று சுற்றிப் போனேன்.

அந்த அம்மா சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பொருந்தியது. கனடாவைச் சேர்ந்த பால் ஹெவிட், கார்டன் ஃபிளெட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1991-இல் இந்தக் கச்சிதப் பித்தை மூன்றாகப் பிரித்தார்களாம். தன்னிடமே அப்பழுக்கில்லாமையை எதிர்பார்ப்பது ஒன்று, அடுத்தவரிடம் எதிர்பார்ப்பது ஒன்று, ஊரே தன்னிடம் அதை எதிர்பார்க்கிறது என்று நம்புவது ஒன்று. நான் மூன்றாவது ரகம். அப்பாவும் தமிழாசிரியர், 'வாத்தியார் மகன்' என்ற பட்டத்தோடு வளர்ந்தவன். என் வாக்கியத்தில் ஒற்றுப்பிழை வந்தால் அவர் பெயரும் சேர்ந்து கெடும் என்று உள்ளே ஒரு பயம் உட்கார்ந்திருந்தது. அதைப் பேச்சால் கிளப்ப முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் அந்த அம்மா.

சோதனை இதுதான். வேண்டுமென்றே ஒரு பிழை செய்ய வேண்டும். என்ன நடக்கும் என்று முன்னாலேயே தாளில் எழுத வேண்டும். என்ன நடந்தது என்று பிறகு பக்கத்தில் எழுத வேண்டும்.

அப்போது தங்கை மகளுக்குச் சீர். சொந்தக்காரர்கள் 212 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், "அனைவரையும் அன்புடன் வறவேற்கிறோம்" என்று அனுப்பினேன். வல்லின றகரம்! விரல் அந்தப் பொத்தானை அழுத்தக் கால் மணி நேரம் ஆனது. 'இருபது பேராவது திருத்துவார்கள், தங்கை போன் செய்து திட்டுவாள், அப்பா காதுக்குப் போகும்' என்று எழுதி வைத்திருந்தேன். நடந்தது என்னவென்றால் கைகூப்பிய படங்கள் ஐம்பதுக்கு மேல், பந்தி எத்தனை மணிக்கு என்று மூன்று கேள்வி. மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மட்டும் "ர, தம்பி" என்று தனியாக அனுப்பியிருந்தார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் குளித்துவிட்டு வந்தபோது இட்லி இறங்கியது.

இரண்டாவது சோதனையாக முதல் இயலை அடிக்குறிப்பு முடியாமலேயே நெறியாளருக்கு அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தது. எழுபது பக்கத்தில் ஒரே ஒரு சிவப்புக் குறி, கடைசிப் பக்கத்தில். "அடுத்த இயல் எங்கே?" என்று எழுதியிருந்தார்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். கை கழுவுவதையோ பூட்டை இழுத்துப் பார்ப்பதையோ நிறுத்தவே முடியாமல் தவிப்பது வேறு. அதற்கு இப்படி நாமாகச் சோதனை செய்துகொண்டிருக்காமல் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்று அந்த அம்மாவே சொன்னார்.

பொள்ளாச்சி அக்கா:

என்னுடையது இவ்வளவு பெரிதில்லை. புது வீடு கட்டினோம். கூடத்தில் வாசற்படியிலிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு டைல்ஸ் ஒரு ஓரமாக ஏறி நின்றது. எவ்வளவு என்றால், வெறுங்காலில் நடந்தால் கட்டைவிரலுக்குத் தெரியும், அவ்வளவுதான். பேர்த்துப் போடலாம் என்றால் அந்த நிறம் கடையில் நின்றுவிட்டது. புண்ணியார்ச்சனையை வீட்டோடு முடித்துவிட்டு, "எல்லாம் சரியான பிறகு சொந்தக்காரர்களைக் கூப்பிடலாம்" என்றேன். இரண்டு வருடம் ஆனது. யாராவது வந்தால் திண்ணையிலேயே நாற்காலி போட்டு மோர் கொடுத்து அனுப்பிவிடுவேன். வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். 'வீடு கட்டியதும் தலைக்கனம்' என்று ஊருக்குள் பேச்சு வந்தது எனக்குத் தெரியும். டைல்ஸ்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

போன மார்கழி மாதம் பெரியம்மா வந்தவர், நான் நாற்காலி எடுக்கப் போவதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கூடத்துக்குள் வந்துவிட்டார். எனக்கு உயிர் போய்விட்டது. யாருமே கவனிக்கமாட்டார்கள், நாம்தான் பெரிதுபடுத்துகிறோம் என்று இந்த மாதிரிக் கதைகளில் சொல்வார்கள் அல்லவா? பெரியம்மா கவனித்தார். மூன்றாவது வரிசையில் வந்து நின்று, காலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, இந்த இடத்தில் கொஞ்சம் ஏறியிருக்கிறதல்லவா?"

"ஆமாங்க பெரியம்மா. போட்ட நாளிலிருந்தே அப்படித்தான்."

"எங்கள் வீட்டில் மூன்று இருக்கிறது. பாத்ரூமில் தண்ணீர் வேறு ஓடமாட்டேன் என்கிறது. என்ன சமையல்?"

ஒப்புட்டு போட்டிருந்தேன். நெய் விட்டு இரண்டு சாப்பிட்டார், மூன்றாவதைப் பேரனுக்கு என்று வாழை இலையில் கட்டிக்கொண்டார். போகும்போது அந்த டைல்ஸ் மேலேயே நின்று புடவையைச் சரிசெய்துகொண்டு போனார்.

பொங்கலுக்கு எல்லோரையும் கூப்பிட்டுவிட்டேன். ஆனாலும் அவர்கள் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஏறி நிற்கிற டைல்ஸ் மேல் போட்டதால் நாற்காலி ஒரு காலில் ஆடுகிறது. கல்யாணப் பத்திரிகை ஒன்றை நான்காக மடித்து அடியில் வைத்திருக்கிறேன்.