சைலன்சர் மாற்றிய பிறகு அக்சிலேட்டரை விட்டால் பட் பட் என்று வெடிக்கிறது, சத்தத்தை இழக்காமல் சரிசெய்யலாமா?

கல்லடித் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2012 மாடல் யமஹா எஃப்.இசட், காபரேட்டர் வண்டி, 153 சிசி. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய பைக்குகளின் விலை ஏறிக்கொண்டே போன காலத்தில் சீட்டுக் காசு எடுத்து வாங்கியது, அதனால் இதில் யாராவது கைவைத்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். கம்பெனி சைலன்சர் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இரும்பு எதுவும் இங்கே நெடுநாள் நிற்பதில்லை. ஒரு கடையில் பெரிய கம்பெனியின் பெயர் ஒட்டிய நகல் கேன், அதாவது பின்பக்கச் சைலன்சர் உருளை, ஒன்று வாங்கிப் பூட்டினேன்.

விலை குறைவு என்பதற்காக மட்டும் வாங்கவில்லை. அந்தச் சத்தம் எனக்கு வேண்டும். நாலாவது கியரில், நாலாயிரம் ஆர்பிஎம் பக்கம், விடியற்காலையில் காத்தான்குடி தாண்டி ஆரையம்பதி ரோட்டில் போகும்போது அடியிலிருந்து ஒரு கனமான உறுமல் வரும். காதுக்கு முன்னால் தொடைக்குத்தான் அது தெரியும். முதல் கிழமை அப்படித்தான் இருந்தது.

இப்போது மூன்று பிரச்சினை. அக்சிலேட்டரை விட்டு வேகம் குறைக்கும்போது பட் பட் என்று வெடிக்கிறது, சில நேரம் துவக்குச் சத்தம் போலவே, போன கிழமை சந்தியில் ஒரு வயதானவர் திடுக்கிட்டுச் சைக்கிளோடு சாய்ந்துவிட்டார், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டாவது, கீழ் இழுவை இல்லை, பின்னால் ஆள் ஏறினால் இரண்டாம் கியரில் திணறுகிறது. மூன்றாவது, அந்தக் கனமான சத்தமே போய், வெறும் தகரத்தைத் தட்டுவது போலக் கேட்கிறது. உள்ளே சத்தத்தைக் குறைக்கச் செருகியிருக்கும் சின்னக் குழாயை, டிபி கில்லரை, நானே கழற்றினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் காபரேட்டரில் பெரிய மெயின் ஜெட் (பெற்றோல் வரும் துளையுள்ள சின்ன ஆணி) போடச் சொல்கிறார். என்ன செய்யலாம்? கழற்றி எறி என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கல்முனை வளைவு:

மச்சான், கடைக்காரர் சொன்னது முழுப்பிழை இல்லை. காற்று சுலபமாக வெளியே போனால் கலவையில் பெற்றோல் குறையும், அதனால் வெடிக்கும். பிளக்கைக் கழற்றிப் பார், முனை வெள்ளையாக இருந்தால் பெற்றோல் குறைவு, கரி பிடித்திருந்தால் பெற்றோல் அதிகம், இளம் மண்ணிறம் என்றால் சரி. நான் என்னுடைய பல்சருக்கு ஜெட் மாற்றித்தான் சரியாக்கினேன்.

சத்தம் வேண்டும் என்று கேட்டதற்கு யாராவது உன்னை ஏசினால் கவலைப்படாதே. ஹார்லி டேவிட்சன் கம்பெனி தன் எஞ்சின் சத்தத்தையே வர்த்தக முத்திரையாகப் பதிந்து தரச்சொல்லி 1994-ல் விண்ணப்பம் போட்டது, 2000-ல்தான் வேண்டாம் என்று விட்டது. உன் கேனில் ஒட்டியிருப்பது அக்ராபோவிச் பெயராக இருந்தால், அது 1990-ல் ஸ்லோவேனியாவில் ஒரு முன்னாள் பந்தய வீரர் தொடங்கிய கம்பெனி. அங்கே குழாயின் நீளம், சுற்றளவு எல்லாம் வண்டிக்கு வண்டி அளந்து செய்வார்கள், நகலில் அந்த வேலை இருக்காது, ஸ்டிக்கர் மட்டும்தான் அதே மாதிரி.

களுவாஞ்சிக்குடி கராஜ்:

தம்பி, ஜெட்டில் கைவைக்க வேண்டாம், பொறுங்கள். மெயின் ஜெட் வேலை செய்வது அக்சிலேட்டரை முக்கால்வாசிக்கு மேல் திறக்கும்போது. உங்களுக்கு வெடிப்பது மூடும்போது. வயிற்று வலிக்குத் தலையில் தைலம் தடவுகிற மாதிரி ஆகிவிடும்.

மூடும்போது வெடிப்பதற்குக் காரணம் இதுதான். அக்சிலேட்டரை விட்டதும் சிலிண்டருக்குள் போகும் கலவை சரியாகப் பற்றாது, பற்றாத பெற்றோல் அப்படியே சூடான குழாய்க்குள் வரும். அங்கே வெளிக்காற்று கிடைத்தால் குழாய்க்குள்ளேயே எரியும், அதுதான் உங்கள் பட் பட். ஆகவே, வெளிக்காற்று எங்கே நுழைகிறது என்பதைத்தான் தேட வேண்டும்.

இரண்டு இடம் பாருங்கள். எஞ்சின் ஹெட்டில் குழாய் பொருந்தும் இடத்தில் ஒரு காஸ்கெட் வளையம் இருக்கும், அது ஒரு தடவை நசுங்கி உட்காருவதற்காகச் செய்தது. குழாயைக் கழற்றினால் புது வளையம்தான் போட வேண்டும், ஆனால் பழையதையே திருப்பிப் போட்டு அனுப்புகிறவர்கள் அதிகம். அடுத்தது, குழாயும் கேனும் சேரும் கிளாம்ப். நகல் கேனின் வாய் அரை மில்லிமீட்டர் பெரிதாக இருந்தாலும் கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் மூடாது. கசியும் இடத்தில் புகைக்கரி கறுப்புக் கோடாகப் படிந்திருக்கும், விரலால் தொட்டால் ஒட்டும். கோடு தெரியாவிட்டால் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி மூட்டுகளைச் சுற்றிப் பிடியுங்கள். புகை நேராகப் போகாமல் துடித்தால் அங்கேதான் ஓட்டை. காபரேட்டர் பக்கம் மட்டும் ஊதுபத்தியைக் கொண்டு போக வேண்டாம், பெற்றோல் கசிந்திருந்தால் விபரீதம்.

இன்னொன்று, உங்கள் வண்டியில் ஏர் பில்டர் பக்கமிருந்து சிலிண்டர் ஹெட்டுக்கு ஒரு ரப்பர் குழாய் வரும். எரியாத பெற்றோலை எரிக்கக் கம்பெனியே புதுக்காற்று கொடுக்கும் வழி அது. சோதிப்பதற்காக அதைக் கொஞ்ச நேரம் நசுக்கிப் பிடித்து ஓட்டிப் பாருங்கள். வெடி அடியோடு நின்றால் காற்று அந்த வழியாகத்தான் வருகிறது, மூட்டில் பழுதில்லை. நிற்காவிட்டால் மூட்டுத்தான். சோதித்த பிறகு விட்டுவிடுங்கள், அடைத்து வைத்தால் புகைப் பரிசோதனையில் மாட்டுவீர்கள், அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப் பத்திரமும் கிடைக்காது.

ஆரையம்பதி மகள்:

எனக்கு எஞ்சின் வேலை தெரியாது, ஆனாலும் எழுதத் தோன்றுகிறது. எங்கள் அப்பாவிடம் ஹோண்டா சி.டி. 200 இருந்தது, ரோட் மாஸ்டர். யுத்தம் நடந்த தொண்ணூறுகளில் அவர் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார், பின்னேரம் துறை கடந்து, சோதனைச் சாவடி கடந்து வருவார். இருட்டிவிட்டால் வீட்டில் யாரும் கதைக்க மாட்டோம். அம்மா அடுப்படியில் கையில் அகப்பையோடு நிற்பா. முதலில் வெளிச்சம் வராது, சத்தம்தான் வரும், தெருமுனையில் கியர் இறக்கும்போது ஒரு தாழ்ந்த தடதடப்பு. பத்து மோட்டார் சைக்கிள் போனாலும் அது அப்பாவினுடையது என்று எனக்குத் தெரியும். அம்மா அதற்குப் பிறகுதான் சோற்றை வடிப்பா.

அதனால் தம்பி சொல்வது எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனால் அந்தச் சத்தம் பெரிய சத்தம் இல்லை, மெதுவான சத்தம்தான். இப்போது இரவு பதினொரு மணிக்கு எங்கள் ஒழுங்கையால் வெடித்துக்கொண்டு ஒரு வண்டி போகிறது, தங்கச்சியின் பிள்ளை ஒவ்வொரு நாளும் அலறி எழும்புகிறது. அந்த வயதானவர் திடுக்கிட்டதற்கும் காரணம் இருக்கும், இந்த ஊரில் அந்த மாதிரிச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். டிபி கில்லரைத் திரும்பப் போடுங்கள் தம்பி, கேட்டுக்கொள்கிறேன்.

அக்கரைப்பற்று காக்கா:

தங்கச்சி சொன்ன ரோட் மாஸ்டர் ஏன் அப்படிக் கேட்கும் என்று சொல்கிறேன். அது இரண்டு சிலிண்டர், இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், ஆனால் மாறி மாறிப் பற்றும். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி, சரியான இடைவெளியில். தம்பியின் எஃப்.இசட் ஒற்றைச் சிலிண்டர், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி. 1400 ஆர்பிஎம்மில் நிற்கும்போது நொடிக்கு 12 தடவை கூட வராது, அதனால்தான் தனித்தனியாகக் கேட்கிறது. 6000-ல் நொடிக்கு 50, அப்போது வெடிகள் சேர்ந்து ஒரு சுருதியாகிவிடும். நாங்கள் விரும்பும் உறுமல் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. எண்ணவும் முடியாது, முழுதாகச் சேரவும் இல்லை.

தகரச் சத்தத்துக்கு வருகிறேன். இந்தக் கேனுக்குள் நடுவில் ஓட்டை போட்ட குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு. கீச்சென்ற மேல் சத்தங்களைப் பஞ்சு விழுங்கிவிடும், தாழ்ந்த சத்தம் வெளியே வரும். மலிவுக் கேனில் பஞ்சு கொஞ்சமாகவும் குட்டை நாராகவும் இருக்கும், சூட்டில் பொடிந்து பின்னால் பறந்துவிடும். வாயில் விரல் விட்டுப் பார்த்தால் மினுங்கும் தூசி ஒட்டும். ரிவெட்டைத் துளைத்து மூடியைத் திறந்து சைலன்சருக்கென்றே வரும் நீள நார்ப் பஞ்சைச் சுற்றுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொட வேண்டாம், நான் ஒரு முறை வெறுங்கையால் செய்துவிட்டு மூன்று நாள் நித்திரை இல்லாமல் சொறிந்தேன்.

இழுவை போனது டிபி கில்லர் இல்லாததால்தான். எஞ்சினில் புகை வெளியேறும் வால்வு திறந்ததும் அமுக்க அலை ஒன்று குழாய் வழியாக ஓடும், குழாய் அகலமாகும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வரும், வாவியில் தோணி கிளப்பிய அலை கரையில் பட்டுத் திரும்புகிற மாதிரி. சரியான நேரத்தில் வந்து சேர்ந்தால் புதுக் கலவையை உள்ளே இழுத்துக் கொடுக்கும். குழாயின் நீளத்தையும் முடிவையும் மாற்றினால் அந்த நேரம் தவறிவிடும். சத்தம் கூடினால் பவர் கூடிவிட்டது என்று காதுதான் நம்பும்.

கல்லடித் தம்பி:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, உங்கள் பதிலை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன், அன்றிரவே டிபி கில்லரைப் போட்டுவிட்டேன்.

ரப்பர் குழாயை நசுக்கிப் பார்த்தேன், வெடி நிற்கவில்லை. கிளாம்புக்குக் கீழே, நான் குனிந்து பார்க்காத பக்கத்தில், கரிக்கோடு அரைவட்டமாக இருந்தது. ஹெட் பக்கம் ஊதுபத்திப் புகை துடித்தது. கழற்றினால் பழைய வளையம்தான், ஒரு பக்கம் பிளேடு போல மெலிந்திருந்தது. புது வளையம் வாங்கினேன். கிளாம்ப் இடத்துக்கு லேத்தில் ஒரு மெல்லிய ஸ்டெயின்லெஸ் உறை கடைந்து தந்தார்கள், இப்போது கேன் தட்டித்தான் ஏறுகிறது. பஞ்சு நேற்றுச் சுற்றினேன், பழையதில் ஒரு பிடிதான் மிஞ்சியிருந்தது. பிளக் இளம் மண்ணிறம், ஜெட்டைத் தொடவில்லை.

இன்று காலை செட்டிபாளையம் வரை போய் வந்தேன். சத்தம் முதல் கிழமையை விடக் குறைவு, ஆனால் தாழ்ந்திருக்கிறது, வட்டமாக இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகம் பிடித்திருக்கிறது. தங்கச்சியை ஏற்றினேன், இரண்டாம் கியரில் திணறவில்லை. ஸ்டார்ட் பண்ணிய புதிதில் மட்டும் ஒன்றிரண்டு தடவை மெதுவாகப் பொட் என்கிறது, பிறகு இல்லை. அதையும் பார்க்க வேண்டுமா? கேனின் அடியில் ஒரு சின்னத் துளையும் இருக்கிறது, காலையில் அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, அதை வெல்டிங்கில் அடைத்துவிடவா?

களுவாஞ்சிக்குடி கராஜ்:

அடைக்கவே வேண்டாம். ஒரு லீட்டர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது, குளிர்ந்த குழாயில் அது தண்ணீராகி நிற்கும், வெளியே போகத்தான் அந்தத் துளை. கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடினால் குழாய் காயவே காயாது, உங்கள் பழைய சைலன்சர் அடியிலிருந்து போனதற்கு உப்புக்காற்றோடு இதுவும் ஒரு காரணம். கிழமைக்கு ஒரு தடவையாவது அரை மணித்தியாலம் நிற்காமல் ஓட்டுங்கள்.

குளிரில் மட்டும் வரும் பொட் சத்தத்தை விடுங்கள், சூடானதும் நிற்கிறது என்றால் பழுதில்லை. சத்தம் எவ்வளவு தாழ்ந்திருந்தாலும் போக்குவரத்துப் பொலிஸ் மறித்து டிபி கில்லர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதன் ஆணி கழன்று விழாமல் பாருங்கள். ஹெட்டில் இருக்கும் இரண்டு நட்டையும் 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை இறுக்க வேண்டும், புது வளையம் அதற்குள் இன்னும் கொஞ்சம் நசுங்கியிருக்கும். சூட்டோடு இறுக்காதீர்கள், இரவு ஆறவிட்டுக் காலையில், இரண்டையும் மாறி மாறி, கால் சுற்றுக் கால் சுற்றாக.