இனத்துக்கும் ஸ்டாட்ஸுக்கும் ஒட்டாத கேரக்டர் ஆடியிருக்கிறீர்களா? அந்த அனுபவத்தைச் சொல்லுங்கள்

பச்சைக்கோடாரி:

நானே தொடங்குகிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர ஆட்டமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். நான் எடுத்தது ஹாஃப்-ஆர்க் (பாதி மனிதன், பாதி ஆர்க்) மந்திரவாதி. ஸ்டாட்ஸ் என்னும் திறன் எண்களில், ஹாஃப்-ஆர்க்குக்கு ஸ்ட்ரெங்த்தில் (உடல் வலு) 2, கான்ஸ்டிட்யூஷனில் (தாங்கும் சக்தி) 1 கூடும். மந்திரவாதிக்கு வேண்டியதோ இன்டெலிஜென்ஸ் (அறிவு). பங்கிட வேண்டிய எண்கள் வழக்கமான 15, 14, 13, 12, 10, 8. இருப்பதிலேயே பெரியதை இன்டெலிஜென்ஸில் வைத்தும் அது 15-லேயே நின்றது, பகடையோடு கூட்டும் மாடிஃபையர் +2. இதே 15 ஒரு ஹை எல்ஃபின் கையில் 16 ஆகி, +3 கொடுத்திருக்கும். "எல்ஃப் எடுத்துக்கோயேன், ஏன் வீணாக்குறே?" என்று மேசையில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஆர்க் ரத்தத்தில் ஒரு படிப்பாளிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன்.

முதல் லெவல். கைப்பிடிச் சுவர் இடிந்துபோன ஒரு கல்பாலம். மூன்று ஹாப்காப்ளின்கள் (போர்வெறி பிடித்த அரக்கர்கள்) எங்களை மறித்து நின்றன. என்னிடம் இருந்தது 8 ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி). முதல் வெட்டிலேயே 11 போனது. வேறு எந்த மந்திரவாதியாக இருந்தாலும் அங்கேயே மயங்கி விழுந்து, சாவா பிழைப்பா என்று பகடை உருட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் ஹாஃப்-ஆர்க்குக்கு ஒரு வரம் உண்டு: நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை, 0-க்குப் போகாமல் 1 ஹிட் பாயின்ட்டில் நிற்கலாம். நின்றேன். என் முறை வந்ததும் தண்டர்வேவ் என்ற இடியலை மந்திரம். மூன்றும் அடுத்தடுத்து நின்றன, பின்னால் பள்ளம். கான்ஸ்டிட்யூஷன் சேவில் (மந்திரத்தைத் தாங்க உருட்டும் பகடையில்) தோற்றால் பத்தடி பின்னால் தூக்கி எறியப்படும். என் சேவ் டிசி, அதாவது தப்பிக்க அவை எட்ட வேண்டிய எண், 12. இரண்டு தோற்றுப் பள்ளத்தில் விழுந்தன. மூன்றாவதற்குப் பகடையில் 11, மாடிஃபையர் 1 சேர்த்துச் சரியாக 12. தப்பித்துவிட்டது.

கவனியுங்கள், இன்டெலிஜென்ஸ் 16 இருந்திருந்தால் டிசி 13 ஆகி மூன்றாவதும் விழுந்திருக்கும். அந்த ஒரு புள்ளியின் மதிப்பு அவ்வளவுதான்: இருபது முகத்தில் ஒரு முகம், 5 சதவீதம். அது உண்மையான இழப்பு, மறுக்கவில்லை. ஆனால் எல்ஃபாக இருந்திருந்தால் அந்த மந்திரத்தைப் போட நான் நினைவோடே இருந்திருக்க மாட்டேன். இனம் என்பது மேசையில் உயிரோடு தெரிவது இந்த மாதிரித் தனித்திறன்களில்தான், கூட்டல் எண்ணில் அல்ல என்பது என் உறுதியான கருத்து. உங்களுக்கு எப்படி?

பழையபெட்டி:

நாங்கள் இன்னும் இதே ஆட்டத்தின் 1981 பேசிக், எக்ஸ்பர்ட் விதிகளில்தான் ஆடுகிறோம். அதில் எல்ஃப், ட்வார்ஃப், ஹாஃப்லிங் (குள்ள மனிதர்) எல்லாமே மந்திரவாதி, ஃபைட்டர் மாதிரி கிளாஸ்கள், அதாவது தொழில்வகைகள். "ட்வார்ஃப் மந்திரவாதி" என்று ஒன்று கிடையவே கிடையாது. இனத்துக்கென்று கூட்டலோ கழித்தலோ இல்லை. அதற்குப் பதில் வாசலிலேயே ஒரு காவல்: ட்வார்ஃபாக வேண்டுமா, கான்ஸ்டிட்யூஷன் குறைந்தது 9 இருக்க வேண்டும். மூன்று பகடையை ஆறு முறை வரிசையாக உருட்டுவோம், இடம் மாற்றுவது கிடையாது. போன கேம்பெய்னில் (தொடர் ஆட்டத்தில்) ட்வார்ஃப் ஆசையோடு உட்கார்ந்தேன், கான்ஸ்டிட்யூஷன் 8. கதவு சாத்தியாயிற்று. அதே நண்பர் குழுவில் ஒருவருக்கு டெக்ஸ்டெரிட்டியும் (சுறுசுறுப்பு) கான்ஸ்டிட்யூஷனும் 9-ஐத் தாண்டின, மற்றதெல்லாம் பரிதாபம். அவர் ஹாஃப்லிங் எடுத்தார்.

அந்த ஹாஃப்லிங் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஓகர் என்னும் ராட்சதர் கூட்டம் ஒன்று எங்களைக் காட்டுக்குள் துரத்தியது. விதிப்படி ஹாஃப்லிங் புதருக்குள் ஒளிந்தால் கண்டுபிடிக்க 10 சதவீத வாய்ப்புதான். மனிதனைவிடப் பெரிய எதிரி என்றால் ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் காக்கும் அளவு) இரண்டு படி மேம்படும். நாங்கள் எல்லோரும் ஓட, அவர் மட்டும் பின்தங்கி ஒளிந்துகொண்டு, கவண் கல்லால் ஒவ்வொன்றாகத் திசை திருப்பினார். அவருடைய ஸ்ட்ரெங்த் 6. யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

சரி, இதற்கு விலையும் உண்டு. ஹாஃப்லிங் எட்டாம் லெவலோடு நின்றுவிடும், எல்ஃப் பத்தோடு, ட்வார்ஃப் பன்னிரண்டோடு. எல்ஃப் இரண்டாம் லெவலுக்குப் போக 4000 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வேண்டும், மனித ஃபைட்டருக்கு 2000 போதும். எட்டில் நின்றுபோன ஹாஃப்லிங்கை ஆடிக்கொண்டு, மற்றவர்கள் மேலே ஏறுவதைப் பார்ப்பது வலிக்கும். அந்த உச்சவரம்பு எனக்குப் பிடிக்கவில்லை. வாசல் காவல் மட்டும் பிடிக்கும்.

திரைக்குப்பின்:

நான் பெரும்பாலும் டிஎம், ஆட்டத்தை நடத்துபவர். எனக்கு இதில் கசப்பான அனுபவம் ஒன்று உண்டு. 2016-இல் வந்த ஒரு கூடுதல் புத்தகத்தில் ஆர்க்குக்கு இன்டெலிஜென்ஸில் 2 கழிக்கச் சொல்லியிருந்தது. என் மேசைக்குப் புதிதாக வந்த ஒரு பெண், ஆர்க் இனக் குணப்படுத்துபவள் ஒருத்தியை உருவாக்கிக்கொண்டிருந்தபோது அந்த வரியில் பென்சிலை நிறுத்தினார். "ஒரு இனம் மொத்தமும் பிறக்கும்போதே மந்தமா?" என்றார். என்னிடம் நல்ல பதில் இல்லை. அந்த வரியை அங்கேயே அடித்தோம். 2020-இல் பதிப்பாளர்களும் அந்தக் கழித்தலை நீக்கிவிட்டார்கள். அதே ஆண்டில், இனம் தரும் புள்ளிகளை விருப்பமான இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற விருப்ப விதியும் வந்தது. இதே வகையில் இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பும் பிறகு இதே போக்கில் இறங்கியது.

ஆனால் 2024 விதிப்புத்தகத்தில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. புள்ளிகள் இப்போது இனத்திலிருந்து வருவதில்லை, பின்புலத்திலிருந்து, அதாவது கேரக்டரின் முந்தைய வாழ்க்கையிலிருந்து வருகின்றன. சேஜ் (அறிஞர்) என்றால் கான்ஸ்டிட்யூஷன், இன்டெலிஜென்ஸ், விஸ்டம் (விவேகம்). சோல்ஜர் (படைவீரர்) என்றால் ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிட்யூஷன். விளைவு என்ன? முன்பு மந்திரவாதி என்றால் எல்ஃப், நோம் என்று வரிசை கட்டினார்கள். இப்போது மந்திரவாதி என்றால் சேஜ். படைமுகாமில் வளர்ந்த மந்திரவாதி வேண்டும் என்று ஒருவர் கேட்டால், சோல்ஜர் பின்புலத்தில் இன்டெலிஜென்ஸே இல்லை. கயிறு அவிழவில்லை, வேறு தூணில் கட்டியிருக்கிறார்கள். என் மேசையில் பின்புலம் எதுவானாலும் புள்ளிகளை எங்கே வைப்பது என்பது ஆடுபவர் விருப்பம். பச்சைக்கோடாரி சொன்ன மாதிரி, இனத்தின் தனித்திறன்களில் மட்டும் கை வைக்க மாட்டேன்.

குட்டிச்சூறாவளி:

நோம் பார்பேரியன், அதாவது குட்டை உருவ இனத்தில் ஒரு முரட்டுச் சண்டைக்காரன்! 2014 விதிகளில் இதைப் பார்த்தாலே தலையில் அடித்துக்கொள்வார்கள். நோமுக்கு இன்டெலிஜென்ஸில் 2 கூடும், பார்பேரியனுக்கு அது எதற்கும் உதவாது. உருவம் சின்னது, அதனால் கிரேட்ஆக்ஸ் (பெருங்கோடாரி) மாதிரி கனமான ஆயுதம் எடுத்தால் இரண்டு முறை உருட்டிக் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். நான் பேட்டில்ஆக்ஸை இரண்டு கையாலும் பிடித்தேன், சேதம் 1டி10 (பத்து முகப் பகடை ஒன்று). கிரேட்ஆக்ஸின் 1டி12-ஐவிடச் சராசரியில் ஒரே ஒரு புள்ளி குறைவு.

ஆனால் பார்பேரியனின் நிஜமான பலவீனம் வேறு. உடம்பு இரும்பு, மனசைப் பிடித்தால் முடிந்தது கதை. அங்கேதான் நோம் வருகிறது: மந்திரத்துக்கு எதிரான இன்டெலிஜென்ஸ், விஸ்டம், கரிஸ்மா (ஆளுமை) சேவ் எல்லாவற்றுக்கும் இரண்டு முறை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். எதிரி மந்திரவாதி முதல் சுற்றில் எங்கள் மனித ஃபைட்டர் மேல் ஆளை அசையவிடாமல் கட்டிப்போடும் ஹோல்டு பர்சன் மந்திரத்தைப் போட்டான். அவர் சிலையாக நின்றார். அடுத்த சுற்றில் ஃபைட்டரை விட்டுவிட்டு அதே மந்திரத்தை என் மேல் போட்டான். பகடையில் 4, மறுபடி 17. டிஎம் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூன்றடி உயர நோம் கத்திக்கொண்டே ஓடிப்போய் அந்த மந்திரவாதியின் முழங்காலில் கோடாரியைப் போட்டது.

பழையபெட்டி, உங்கள் பகடையில் கான்ஸ்டிட்யூஷன் 8 வந்த பிறகு என்ன எடுத்தீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே.

பழையபெட்டி:

திருடன். மூன்றாம் லெவல் வரை உயிரோடு இருந்தான். இப்போது அவன் தம்பியை ஆடுகிறேன், அவனுக்குக் கான்ஸ்டிட்யூஷன் 13.