சாலைச் சோதனையில் அதிகாரி தாக்கினால் யாரிடம் முறையிடுவது?

சாட்ஸ்வொர்த்வாசி:

வணக்கம். சென்ற வாரம் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலுள்ள எங்கள் சாட்ஸ்வொர்த்தில் என் அக்காள் மகனின் காரைச் சோதனைக்காக நிறுத்திய அதிகாரி ஒருவர், ஓட்டுநர் உரிமத்தை எடுக்க முன்பெட்டிக்குள் கைவிட்டவனைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து, காரின் மேல் முகம் மோதும்படி அழுத்தியிருக்கிறார். உதடு கிழிந்துவிட்டது. எதிர்க் கடைக்காரர் கைபேசியில் எடுத்த காணொளி மாலைக்குள் எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுக்கள் அனைத்திலும் பரவிவிட்டது. காணொளியைவிட, அதன் கீழே வந்த பேச்சுதான் எனக்கு அதிர்ச்சி அளித்தது. ஒரு சாரார், "பையன் ஏதாவது வாய்த்துடுக்காகப் பேசியிருப்பான்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். மறுசாரார் அதிகாரியின் இனத்தைச் சொல்லித் திட்டினார்கள். எந்த நிலையத்தில் புகார் கொடுத்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுப் பெரியவர்களோ, "போலீஸோடு நமக்கு எதற்கு வம்பு" என்கிறார்கள். புகாரால் பயன் உண்டா? காணொளியைப் பரப்புவது வழக்குக்கு உதவுமா?

வெருலம் வழக்குரைஞர்:

முதலில் நிறுத்தியவர் யார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நம்மில் பலர் தடுமாறும் இடம் இதுதான். தேசியக் காவல்துறையினரோ நகராட்சியின் மெட்ரோ போலீஸாரோ தாக்கினால், 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சுயேச்சைக் காவல் விசாரணை அமைப்பான ஐபிஐடி அதை விசாரித்தாக வேண்டும். மாகாணப் போக்குவரத்துத் துறையின் சாலை அதிகாரியாக இருந்தால் அவர் ஐபிஐடியின் வரம்புக்குள் வரமாட்டார். அப்போது அவருடைய துறைக்கு எழுத்துப்பூர்வமாக முறையிட வேண்டும். தாக்கியவர் எவராயினும், காவல் நிலையத்தில் தாக்குதல் வழக்குப் பதிவுசெய்து வழக்கு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கூடவே காயங்களை மருத்துவர் பதிவுசெய்யும் ஜே88 படிவத்தையும் வாங்கி, உதட்டுக் காயம் ஆறுவதற்குள் மருத்துவரிடம் நிரப்பிக்கொள்ளுங்கள். பத்துக் காணொளிகளைவிட அந்த ஒரு படிவம் நீதிமன்றத்தில் அதிகம் பேசும். இழப்பீடு கேட்கும் எண்ணம் இருந்தால், அரசுத் துறைக்கோ நகராட்சிக்கோ ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்துவிட வேண்டும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று காலம் கடத்தி இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மெரிபேங்க் அக்கா:

என் தம்பி மெட்ரோ போலீஸில் இருப்பதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்நாட்டுச் சாலைகளில் ஆண்டுதோறும் 10,000-க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். குடிபோதையில் ஓட்டுபவர்களையும் துப்பாக்கி வைத்திருப்பவர்களையும் இரவில் நிறுத்திச் சோதிப்பவர்கள் இவர்கள்தாம். கார் நின்றதும் சொல்லாமல் பெட்டிக்குள் கைவிட்டால், எடுப்பது உரிமமா துப்பாக்கியா என்று வெளியில் நிற்பவருக்குத் தெரியாது. இரு கைகளையும் ஸ்டியரிங் மீது வைத்துக்கொண்டு, "உரிமம் பெட்டியில் இருக்கிறது, எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எடுப்பதே நல்லது. இன்னொரு சங்கடமும் உண்டு. நீலவிளக்கு வைத்த போலி போலீஸ் கும்பல்களுக்குப் பயந்து, ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் நிலையம் வரை மெதுவாக ஓட்டிச் செல்லுமாறு நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லித் தருகிறோம். அபாய விளக்கைப் போடாமல் அப்படிச் சென்றால், தப்பி ஓடுவதாக அதிகாரி எண்ணிவிடுகிறார்.

இதையெல்லாம் சொன்னாலும், கையில் ஒன்றுமில்லாமல் வெளியே வந்து நிற்பவனின் முகத்தைக் காரில் மோதவைத்ததற்கு எந்த நியாயமும் கிடையாது. தம்பியிடம் கேட்டேன், அவனும் இதைத்தான் சொன்னான்.

ஃபீனிக்ஸ் ஆசிரியை:

காணொளியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2013 பிப்ரவரியில் ஜோஹன்னஸ்பர்க் பக்கமுள்ள டேவிட்டனில் டாக்சியை நிறுத்திய இடம் தொடர்பான தகராறில் மோசாம்பிக்கைச் சேர்ந்த ஓட்டுநர் மீடோ மாசியாவைப் போலீஸ் வண்டியில் கட்டி இழுத்துச் சென்றார்கள். அவர் காவலில் இறந்தார். அவர்தான் அதிகாரியைத் தாக்கித் துப்பாக்கியைப் பறித்தார் என்பது போலீஸ் தரப்பின் கதை. அங்கே நின்றவர்கள் எடுத்த படம் இல்லாதிருந்தால் அந்தக் கதையே நிலைத்திருக்கும். 2015-இல் போலீஸார் எட்டுப் பேருக்குத் தலா 15 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2023 ஜூலையில் ஜோஹன்னஸ்பர்க் அருகே என்1 நெடுஞ்சாலையில் துணை அதிபரின் பாதுகாவலர்கள் பயணிகளை மிதித்ததும், பின்னால் வந்தவர் படமெடுத்ததால்தான் வெளியே தெரிந்தது. பொது இடத்தில் போலீஸாரைப் படமெடுப்பது குற்றமன்று. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் படம் தரம் குறைந்து, தேதியும் நேரமும் உதிர்ந்த நகல்தான். கடைக்காரரின் கைபேசியிலுள்ள மூலக்கோப்பைப் பத்திரப்படுத்தி, அவரிடம் சாட்சி வாக்குமூலமும் வாங்குங்கள்.

குழுக்களில் வரும் இனப்பேச்சைக் கண்டால் எனக்கு நடுக்கமாக இருக்கிறது. முன்னாள் அதிபர் ஜூமா சிறை சென்றதையொட்டி வெடித்த 2021 ஜூலைக் கலவரத்தின்போது, போலீஸ் வரவில்லை என்று சொல்லி, இந்திய வம்சாவளியினர் மிகுந்த எங்கள் ஊரில் குடியிருப்போரே தடுப்பு வைத்துக் கார்களை நிறுத்தினார்கள். அந்த நாள்களில் ஃபீனிக்ஸில் கொல்லப்பட்டவர்கள் 36 பேர், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். வண்டியை நிறுத்துபவரிடம் அடையாளமும் இல்லாமல், கேள்வி கேட்க மேலிடமும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அதனால்தான் புகார் கொடுங்கள் என்கிறேன். அந்த அதிகாரியின் இனத்துக்கு அதில் வேலையே இல்லை.

சாட்ஸ்வொர்த்வாசி:

மூவருக்கும் நன்றி. வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்ததைக் காணொளியில் நிறுத்திப் பார்த்தோம், மெட்ரோ போலீஸ்தான். நாளை காலை பையனை அழைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போகிறேன். அங்கே புகாரை ஏற்க மறுத்தால்?

வெருலம் வழக்குரைஞர்:

மறுப்பவரின் பெயரையும் பதவியையும் நேரத்தையும் அவர் எதிரிலேயே எழுதிக்கொண்டு, நிலையத் தலைமை அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் அதிலேயே காரியம் முடிந்துவிடும். முடியாவிட்டால், டர்பனிலுள்ள ஐபிஐடி அலுவலகத்தில் நீங்களே நேரில் புகார் கொடுக்கலாம்.