எஃப்டி-101இ: சீர்செய்வதா, புதிய செட் வாங்குவதா?

கேள்வி – வானலை மாணவன்
காலஞ்சென்ற என் பெரியப்பா பயன்படுத்திய யாயெசு எஃப்டி-101இ என்ற, கேட்கவும் பேசவும் உதவும் வானொலி செட், பதினைந்து ஆண்டுகள் பரணில் கிடந்த பிறகு என் கைக்கு வந்திருக்கிறது. அண்மையில்தான் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றேன். இதைச் சீர்செய்து பயன்படுத்தலாமா, அல்லது அந்தப் பணத்தையும் சேர்த்து ஐகாம் ஐசி-7300 வாங்கிவிடலாமா? பேசவும் வேண்டும், கணினியோடு இணைத்து எஃப்டி8 (குறுஞ்செய்திகளைப் பரிமாறும் டிஜிட்டல் முறை) இயக்கவும் வேண்டும். செட்டுக்கு இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை.

மறுமொழி – வால்வு காலத்தவன்
தம்பி, மின்சாரம் கொடுக்காமல் இருந்தது மிக நல்லது. நெடுங்காலம் சும்மா கிடந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் வலுவிழந்திருக்கும். நேரடியாகப் பிளக்கில் செருகினால் அவற்றோடு டிரான்ஸ்ஃபார்மரும் போய்விடக்கூடும். டிரான்ஸ்ஃபார்மர் நம் 230 வோல்ட்டுக்கு ஏற்ப இணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரியஸில் போட்டு, வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, செட்டைப் போடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. இறுதி வால்வுகளுக்குச் செல்வது ஏறத்தாழ 600 வோல்ட் என்பதால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களை ரெசிஸ்டர் வைத்து வடித்துவிட்டே உள்ளே கை வையுங்கள்.

இந்த செட்டில் வால்வுகள் மூன்றே: டிரைவராக ஒரு 12பிஒய்7ஏ, இறுதியில் இரண்டு 6ஜேஎஸ்6சி. ரிசீவர் முழுவதும் டிரான்சிஸ்டர்தான். ஆகவே ஹீட்டர் அணைந்திருந்தாலும் கேட்கலாம். 6ஜேஎஸ்6சி, வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்காகச் செய்யப்பட்ட வால்வு. அந்தப் பெட்டிகள் போனதோடு அதன் உற்பத்தியும் நின்றது. பழைய இருப்பில் நல்ல ஜோடி கிடைத்தாலும், மாற்றியபின் நியூட்ரலைசிங்கை (வால்வு தானாகவே அலைவெழுப்பாமல் தடுக்கும் அமைப்பை) சரிசெய்தே தீர வேண்டும்.

மறுமொழி – எஃப்டி8 பித்தன்
ஐயா சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கேட்டவரின் தேவையில் பாதி எஃப்டி8. அதில் நாம் அனுப்பும் ஒவ்வொரு 15 விநாடிச் சுற்றிலும் ஏறத்தாழ 12.6 விநாடி இடைவிடாமல் அலை போகும். பேச்சின் ஏற்ற இறக்கத்துக்கு இளைப்பாறும் இந்த வால்வுகள் அந்தச் சூட்டைத் தாங்குவதற்கு, பவரை வெகுவாகக் குறைக்க வேண்டும். செட் சூடாகும்வரை அலைவரிசையும் நகர்ந்துகொண்டே இருக்கும். மேலும் 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் (அலைவரிசைத் தொகுதிகள்) 1979 உலக வானொலி மாநாட்டுக்குப் பிறகு நமக்குக் கிடைத்தவை. உங்கள் செட்டில் 10 மெகாஹெர்ட்ஸ், நேரக் குறிப்பு கேட்பதற்கு மட்டுமே. 2016இல் வந்த 7300இலோ கணினியோடு இணைக்க ஒரு யுஎஸ்பி கேபிள் போதும். அதன் குறை, கெட்டால் வீட்டு மேசையில் வைத்துப் பிரித்துப் பழுதுபார்ப்பது எளிதன்று என்பதே. எஃப்டி8தான் முதன்மை என்றால், நான் 7300ஐ வாங்குவேன், பழையதை விற்கமாட்டேன்.

மறுமொழி – வானலை மாணவன்
நன்றி, ஐயா. பல்பு மங்கியது. ஹீட்டரைத் தொடாமல் 7 மெகாஹெர்ட்ஸில் கேட்டபோது குரல்கள் தெளிவாக வந்தன. பட்டைச் சுவிட்சைத் திருப்பினால் மட்டும் கரகரக்கிறது. புதிய செட்டுக்குச் சேமிக்கும்வரை இதில் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறேன். அந்தச் சுவிட்சுக்கு கான்டாக்ட் கிளீனர் தெளித்தாலே போதுமா, கழற்றித் துடைக்க வேண்டுமா?